மூன்றாம் இலக்கத்தில் உங்கள் பெயர்

அன்பும் மதிப்பும் மிக்க அத்தான்,

இதை எந்த முகவரிக்கு அனுப்புவதென்று எனக்குத் தெரியாது. ஆயினும் எழுத வேண்டிய செய்தி இருப்பதால் எழுதுகிறேன். குச்சவெளி நிகழ்ச்சிக்கான நமது விண்ணப்பம் இன்று காலை இராணுவ அனுமதி அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. இசைக்குழுவினர் பட்டியலில் மூன்றாம் இலக்கத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஒலி இயக்குநராக ஓர் ஆணின் பெயரைக் குறிப்பிட்டு மீளச் சமர்ப்பிக்குமாறு எழுதியிருக்கிறார்கள். அந்த இலக்கத்தில் இப்போது இருப்பது அக்காவின் பெயர்.

உங்கள் மனைவி எப்படி உங்கள் இடத்துக்கு வந்தார் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். நீங்கள் மறைந்து மூன்று மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. கட்டைபறிச்சானில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அதில் என் குற்றமும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் முன்வைக்கிறேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு குழுத் தலைவர் தேவராசா வீட்டுக்கு வந்தார். "அண்ணையைப் போல ஒரு ஆள் கிடைக்குமட்டும் சவுண்ட் பெட்டியளைப் பூட்டி வைப்பம்" என்றார். தேநீர் கொண்டுவந்த அக்கா, "பூட்டுங்கோ. திறப்பை மட்டும் என்னட்டைத் தந்திட்டுப் போங்கோ" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கட்டைபறிச்சான் நிகழ்ச்சியை மட்டும் கைவிட முடியவில்லை. அகதி முகாமிலிருந்து தங்கள் வீடுகளுக்குத் திரும்பியிருந்த சனங்கள் பள்ளிக்கூட வளவில் ஒரு பகல் பாட்டுக் கேட்க வேண்டுமென்று உங்களிடமே கேட்டிருந்தார்கள். நீங்களும் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். அனுமதிக்கு விண்ணப்பம் எழுதுவது, சட்டத்தரணி என்பதால், என் வேலை. பழைய விண்ணப்பப் படியைப் பக்கத்தில் வைத்துத் தட்டச்சு செய்தேன். மூன்றாம் இலக்கத்தில் உங்கள் பெயரே வந்துவிட்டது.

பழைய படியைப் பார்த்து அடித்ததில் நேர்ந்த பிழை என்று சொல்ல எனக்கு வழி உண்டு. அது உண்மையாகாது. உங்கள் பெயருக்கு வந்ததும் விரல்கள் நின்றன. சற்று நேரம் நின்றுவிட்டே அடித்தன. உங்களை எடுக்க மனம் வரவில்லை. அக்காவைப் போடத் துணிவு வரவில்லை. போகும்போது துறைமுகத்தில் சிப்பாய்கள் தலைகளை மட்டுமே எண்ணுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஏழு பெயர், அக்காவோடு ஏழு தலை. என் தொழில் வாழ்க்கையில் தெரிந்தே கையொப்பமிட்ட முதற் பொய் அதுதான்.

நான் நினைத்தபடியே தலைகளை மட்டும் எண்ணி எங்களை லோஞ்ச் படகில் ஏற விட்டார்கள். மூதூரில் இறங்கி, உழவு இயந்திரப் பெட்டியில் மின்பிறப்பாக்கி முதலிய சாமான்களோடு போய்ச் சேரப் பத்து மணி. கச்சான் காற்று புழுதியை வாரி அடித்தது. மைக்கில் பாட்டுக்கு முன் காற்றுத்தான் கேட்டது. அக்கா எல்லாருடைய கால்களையும் ஒருமுறை பார்த்தார். செருப்புப் போடாமல் சப்பாத்தோடு நின்றவன் நான் ஒருவனே.

"தம்பி, சப்பாத்தைக் கழட்டு."

"ஏன் அக்கா?"

"மேஸைத் தா. மைக்குக்குப் போட."

பாடகி ரோசலின் இரண்டடி பின்னால் போனாள். "ஐயோ அக்கா, அப்புக்காத்தற்ர கால்மேஸுக்குள்ள வாயை வச்சோ நான் பாடுறது?"

"வாயாலை பாடு. மூக்காலை இழுக்காதை."

அது அன்று காலைதான் அலுமாரியிலிருந்து எடுத்த துவைத்த காலுறை என்று நான் உறுதி கூறினேன். அந்தச் சாட்சியத்தை ஒருவரும் ஏற்கவில்லை.

காற்றின் இரைச்சல் அடங்கியது. இரண்டாவது பாட்டில் ரோசலின் வீரிட்டு மைக்கைக் கைவிட்டாள். மின்சாரம் உதட்டைக் கடித்திருந்தது. நான் மேடையில் ஏறி நிகழ்ச்சியை நிறுத்தச் சொன்னேன். தெரிந்துகொண்டே தொடர்ந்தால், நடப்பதற்கெல்லாம் நாமே பொறுப்பு என்றேன். தேவராசா வயர்களைச் சுற்றத் தொடங்கிவிட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் பாயைத் தட்டி எழும்பினார்கள்.

"கறன்ற் இஞ்சினை நிப்பாட்டுங்கோ. பாட்டை நிப்பாட்டேலாது," என்றார் அக்கா. "தம்பி, உன்ர சட்டம் கொஞ்சம் பொறுக்கட்டும். நிலம் காய்ஞ்சு கிடக்கு. கறன்ற் இறங்க இடமில்லாமல் மைக்குக்கு வருது. இஞ்ச ஈரம் எங்க இருக்கு?"

"கிணத்தடி வாழைக்குள்ள, பிள்ளை," என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

மின்சாரத்தை நிலத்தில் இறக்கும் இரும்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு அக்கா நடந்தார். கிணற்றடி வரை எட்ட வயர் போதவில்லை. இரண்டு ஒலிபெருக்கிக் குழல்களில் ஒன்றைக் கழற்றி அதன் வயரை எடுத்தார். தேவராசாவுக்குக் கோபம். "பின்னுக்கு இருக்கிறவைக்கு ஒண்டும் கேக்காது!"

"கேக்காட்டில் முன்னுக்கு வரட்டும். கால் இருக்குத்தானே."

வாழையடியில் கம்பியை அறைந்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார்கள். மின்பிறப்பாக்கி மறுபடி ஓடத் தொடங்கியதும் அக்கா மைக்கைத் தன் புறங்கையால் முதலில் தொட்டுப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அதை ரோசலினிடம் நீட்டினார். "இந்தா, இனிக் கடிக்காது."

ஊர் முழுவதும் ஒற்றைக் குழலைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தது. மேளம் அடிப்பவருக்கு முழங்கையை உயர்த்த இடமில்லை. இரண்டு மணிவரை பாடினோம். தாமதித்தால் கடைசி லோஞ்ச் போய்விடும் என்பதால்தான் முடித்தோம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் அத்தான். உங்கள் பார்வை மங்கிய பிறகு, அந்த மெல்லிய கம்பிகளையெல்லாம் குசினிச் சமையல் மேசையில் வைத்து ஈயம் உருக்கி ஒட்டியது அக்காதான் என்று அன்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். அதை ஏன் எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை?

திரும்பும்போது மூதூர் துறையில் இருந்தவர் வேறோர் இராணுவ அதிகாரி. தலைகளை எண்ணவில்லை, அடையாள அட்டைகளை வாங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டார். "இந்த மூணாவது ஆள் எங்க?"

பட்டியலில் போன ஒருவன் திரும்பி வராவிட்டால், அவனை இயக்கத்திடம் விட்டுவிட்டு வந்தோம் என்றே பொருள்கொள்ளப்படும். எல்லாருடைய உயிரையும் நான் ஒரு வரியில் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அவர் செத்துப்போனார். மூண்டு மாசம்," என்றார் அக்கா.

"மூணு மாசம் முன்ன செத்த ஆள் போன கிழமை அனுமதி கேட்டதா?" அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் லோயர்?"

தட்டச்சு செய்த எழுதுவினைஞரின் தவறு என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் எழுதுவினைஞர் இல்லை. "தெரிந்தேதான் எழுதினேன். குற்றம் என்னுடையது, இவர்களுடையதல்ல," என்றேன்.

"அப்ப இந்தப் பொம்பிளை யார்?"

"சவுண்ட் ஆள்," என்றார் அக்கா, என்னை முந்திக்கொண்டு.

பக்கத்தில் நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். ஒருவன் மைக்கைத் தூக்கி, அதன் மேலிருந்ததை ஐயத்தோடு அமுக்கிப் பார்த்தான். அது எனது காலுறை என்று நான் விளக்கியபோது சிரிப்பு இன்னும் கூடியது. அதிகாரி சிரிக்கவில்லை. "சவுண்ட் ஆள் எண்டா போட்டுக் காட்டு," என்றார்.

கடற்கரை ஈர மணலில் அக்கா கம்பியை இறக்கினார். பெட்டிகளைத் திறந்தார். நாங்கள் உதவப் போனபோது கையால் தள்ளிவிட்டார். லோஞ்ச் ஓட்டுநர் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். ஏறியிருந்த சனங்கள் விடவில்லை. "பொறு ஐயா, அந்த மனிசி முடிக்கட்டும்" என்று ஒருவர் கத்தினார்.

அக்கா புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாடவும் இல்லை, மைக் சோதனைக்கு வெறுமனே எண்ணவும் இல்லை. அதிகாரியின் கையிலிருந்த பட்டியலை வாங்கி வாசித்தார். "ஒண்டு, தேவராசா. ரெண்டு, ரோசலின். மூண்டு, யோகேஸ்வரி." அந்தப் பெயர் துறையைத் தாண்டிக் கொட்டியாரக் குடாவின் மேல் போனது. என் அக்காவின் பெயரை அவ்வளவு உரத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதிகாரி பேனாவை என்னிடம் தந்தார். உங்கள் பெயரின் மேல் கோடு இழுத்தவன் நான்தான், அத்தான். அதற்கு மேலே அக்காவின் பெயரை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டேன்.  அவர் அதைப் பார்த்துவிட்டு எங்களை லோஞ்சில் ஏற விட்டார்.

பொய்த் தகவல் அளித்தமைக்கு விளக்கம் கேட்டு எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி சத்தியக்கடதாசியாகக் கொடுப்பேன். அதற்குரிய தண்டனை எதுவானாலும் என்னைச் சேரட்டும்.

ஆனால் குச்சவெளி விடயம் வேறு. தேவராசா இன்று மத்தியானம் வந்து, "என்ர தம்பியற்ர பேரைப் போட்டு விடுவம். வேலையை அக்கா செய்யட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். நான் செய்த அதே சூழ்ச்சியை அவர் எனக்கே திருப்பித் தந்தார். ஏலாது என்றேன். "பிறகு அனுமதி வராது கண்டியளோ" என்றார். வராமற் போகட்டும் என்றேன். இருபத்தொரு வருடமாக இந்தத் தொழிலில் எச்சரிக்கையோடு வாழ்ந்தவனின் வாயிலிருந்து அது வந்ததை அவரும் நம்பவில்லை. அக்கா எங்கள் இருவரையும் பார்க்காமல் குழலின் வயரை ஒட்டிக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தை நாளைக் காலை ஓர் எழுத்தும் மாற்றாமல் மீண்டும் கையளிப்பேன். திருப்பி அனுப்பினால் மறுபடி தட்டச்சு செய்வேன். குச்சவெளிச் சனங்களிடம் தாமதத்தின் காரணத்தை நானே நேரில் போய்ச் சொல்வேன். எந்த ஆணின் பெயருக்குப் பின்னாலும், உங்களுடைய பெயருக்குப் பின்னாலுங்கூட, அக்காவை நான் இனி ஒளித்து வைக்கமாட்டேன். இது என் வாக்கு. இதன் கீழ் ஒப்பமிடுகிறேன்.

இங்ஙனம்,
யோகேஸ்வரியின் தம்பி,
அந்த உரிமையால் உங்களுக்கும் தம்பி.