பத்தாவது ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஞாயிறன்று என்னோடு வேலை செய்யும் சலவைக்கூடத்து ஆட்களோடு குகையும் சுனையும் பார்க்கப் போனேன். "நீ இல்லாம போவோமாடா?" என்று கூப்பிட்டவன் என் அறைக்காரன் ஒட்டடைக்குச்சி. அங்கே போனதும் அவன் மற்றவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பத்துப் பேர் இருந்தாத்தான் பாதி டிக்கெட். அதான் இவனையும் இழுத்துட்டு வந்தேன். பையெல்லாம் பாத்துக்கட்டும்."

அவர்கள் சுனையில் குதித்தார்கள். குகை வாசலில் நான் பைகளுக்குக் காவல் தெய்வமானேன், படையல்தான் வரவில்லை. சும்மா இருப்பேனா? ஒன்பது ஜோடி ஷூக்களையும் கயிற்றோடு கயிறாக முடிச்சுப் போட்டுவைத்தேன். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து அவிழ்த்தார்கள். அந்த வட்டத்திலும் நான் இல்லை.

நீ கொடுத்த துண்டு நனையவில்லை. கவலைப்படாதே, சளி பிடிக்காது.

பதில் நீளமாக எழுது. ஒட்டடைக்குச்சிக்கு எதிரே உட்கார்ந்து, படித்துப் படித்துத் தனியாகச் சிரிக்க வேண்டும். வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் வாலு