சல்மா பெரிதாக்கிக் கொடுத்த எழுத்து

என் தங்கமே சல்மா,

நீ வேலையை விட்டு வெளியூர் போய் ஏழு மாதம் ஆகிறது. ஆம்பூர் வெயில் அப்படியேதான் இருக்கிறது. நம் ஷூ கம்பெனியில் உன் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான், ஆனாலும் அவள்மேல் எனக்குக் காரணமில்லாத கோபம்.

காது மந்தமானதை எட்டு வருடம் மறைத்தவள் நான். தெரிந்தால், மாதிரி ஷூ செய்து காட்டும் சாம்பிள் பிரிவிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று பயம். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரில் மீட்டிங் பேசினால் எல்லாவற்றுக்கும் 'எஸ், எஸ்' என்பேன். ஒருநாள், "உங்கள் ஷூவில் தையல் விட்டுப்போகுமா?" என்று கேட்டதற்கும் எஸ் சொல்லிவைத்தேன். பக்கத்திலிருந்த நீதான் பாய்ந்து சமாளித்தாய்.

வெளியே வந்ததும், "அக்கா, உனக்கு காது கேக்கல, இல்ல?" என்றாய். எப்படியடி கண்டுபிடித்தாய்? நான் அழுதேன். நீ யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் கம்ப்யூட்டரில் கேப்ஷன் போட்டுக் கொடுத்தாய். பேசுவதெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடியது. "கலர் நீயே செலக்ட் பண்ணிக்கக்கா" என்றாய். பின்னணிக்குப் பிரவுன், எழுத்துக்கு அதைவிட ஒரு ஷேடு கம்மியான பிரவுன் வைத்தேன். தோலுக்கு நூல் பொருந்துகிறதா என்று பார்த்தே பழகிய கண்ணாயிற்றே! ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

"அய்யோ அக்கா, இன்னா பண்ற? இது ஷூ இல்ல. மேட்ச் ஆவக் கூடாது, அடிச்சிக்கணும்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, இரண்டு மடங்கு அளவு என்று நீயே மாற்றினாய். பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு மீட்டிங் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இப்போது ஒரு செய்தி. போன வாரம் எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். மீட்டிங் தொடங்கியதும் எழுத்து பொடிப்பொடியாக ஓடியது. பக்கத்திலேயே மேனேஜர். யாரைக் கூப்பிடுவேன்? நானே செட்டிங்ஸைத் திறந்தேன்.

"இன்னாம்மா பண்றீங்க?"

"சார், எனக்கு காது சரியா கேக்காது. எழுத்த பெருசாக்கிக்கறேன்."

சொல்லிவிட்டேன் சல்மா! அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பெருசா வைங்கம்மா. அந்த வெளிநாட்டுக்காரர் பேசற இங்கிலீஷ் எனக்கும் பாதிதான் புரியுது" என்றார்.

வேலை போகவில்லை, எட்டு வருடப் பயம்தான் போனது. எல்லாம் உன்னால்தானடி. காது கேட்காது என்பதை இனி யாரிடமும் மறைக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறக்காத அக்கா,
தனலட்சுமி