எடை கம்மி

அன்பு மச்சானுக்கு,

உன் தங்கச்சிக்கு ஆண் குழந்தை. இருவரும் சுகம். நீ கல்வராயன் மலையை விட்டு இறங்காதே.

இடஒதுக்கீட்டு மறியலன்று, கச்சிராயபாளையம் ரோட்டில் நீங்கள் வெட்டிச் சாய்த்த புளியமரத்தைத் தாண்டி அந்தப் பக்கம், வலியில் துடித்தவளோடு என் மாருதியைத் தூக்கி வைத்தீர்களே, அந்த எட்டுப் பேரின் பெயர் கேட்டு ஏட்டையா வந்தார். பேச்சை மாற்றப் பார்த்தேன். காரின் கதையைச் சொன்னேன். ஜப்பானில் சுசுகி கம்பெனி முதலில் தறிதான் செய்தது, பிறகு மோட்டார் சைக்கிள், அப்புறம் கார். சாவியைத் திருப்பினால் கிளம்பும், அம்பாசடரில் பாதி எடைதான் என்றேன்.

"கதய வுடு. தூக்கினது யாரு?"

"எட கம்மிங்க. நானே ஒத்த ஆளாத் தூக்கிட்டேங்க."

அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் வாசலில் தூக்கிக் காட்ட வேண்டுமாம்.

கை கொடுக்க மட்டும் வந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்