குத்தாத ஊசி

ஓசூர்,
14.8.2007

பிரியமுள்ள அக்கா,

"உங்களுக்கு வைப்பது பொய் ஊசி, தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் நுழைந்துகொள்ளும்" என்று எங்கள் ஆய்வுக்கு வந்த சாந்தம்மாவிடம் அன்று நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது நானே எழுதிய விதி.

மாத்திரைக்கு அடங்காத கீமோ வாந்தியை அக்குபங்சர் குறைக்குமா என்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்குப் பொய் ஊசி. தனக்கு எது என்று யாருக்கும் தெரியாது. அதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். சாந்தம்மாவும் வீரலட்சுமியும் பாகலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஊசி வைத்த மணிக்கட்டை நீட்டி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

"வீரலட்சுமிக்குச் செவப்பாப் பொட்டு இருக்குது மேடம். எனக்கு ஒண்ணுமே காணோம்."

"உன்னுது எருமைத் தோலுடி, ஊசி எறங்கல" என்று வீரலட்சுமி சிரித்தாள்.

சாந்தம்மா சிரிக்கவில்லை. "இப்படியே வாந்தி வந்தா கீமோவே வேணாம் மேடம். நான் நின்னுக்கறேன்."

சாந்தம்மாவுக்கு நிஜ ஊசி வைக்கலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "ஒருத்தருக்காக விதியை மாத்தினா அது ஆய்வே இல்லம்மா" என்றார். அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை வீரலட்சுமி தன் ஆய்வு எண் போட்ட அட்டையைச் சாந்தம்மாவிடம் கொடுத்துவிட்டாள். ஊசி வைப்பவர் அட்டையின் எண்ணைப் பார்த்துத்தான் நிஜமா பொய்யா என்று எடுப்பார். "எனக்கு இப்பப் பரவால்ல மேடம், இவ கொஞ்சம் குத்திக்கட்டும்" என்று என்னிடமே சொன்னாள்.

அட்டையை வாங்கிக்கொண்டு இருவரையும் ஆய்விலிருந்து நீக்கினேன். சாந்தம்மா அடுத்த கீமோவுக்கு வரவில்லை.

உன் தங்கை