மணிக்கட்டில் ஒரு தடம்

அன்புள்ள டாக்டர் வீட்டம்மாவுக்கு,

மகளும் பேத்தியும் நலமா? பிரசவத்துக்குத் துணையாக நீ கிளம்பும்போது, "பெரிய மனுஷங்க கையெல்லாம் வெண்கலத்துல வார்த்து அலமாரி நிறைய வச்சிருக்கீங்க, ஆபரேஷன் பண்ற உங்க கை எங்க?" என்று கேட்டாய் அல்லவா? வார்த்துவிட்டேன்.

அச்சு மாவு கரைத்த குழம்புக்குள் கையை விட்டு, அது இறுகும்வரை அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை தடவை எடுத்தும் விரல்கள் கலங்கலாகவே வந்தன. மாவு பழசு என்று நினைத்தேன். அலமாரிக்காக அச்செடுக்க வந்த ஒரு கிழப் பாடகரின் கை, அதே மாவில் ரேகை முதற்கொண்டு பதிந்தது. "நீங்க பிடிச்சிருக்கிற கிண்ணம் ஆடுதே, டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் நர்ஸைக் கூப்பிட்டு, நோயாளிகளுக்குக் கட்டுகிற பட்டையால் என் கையை மேஜையோடு இறுக்கிக் கட்டி, அதன் மேல் குழம்பை ஊற்றச் சொன்னேன். கட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போதெல்லாம் ஆபரேஷனை ஜூனியர்தான் செய்கிறான். நன்றாகவே செய்கிறான். நான் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

வெண்கலக் கை அழகாக வந்திருக்கிறது. மணிக்கட்டில் மட்டும் பட்டை அழுத்திய தடம் விழுந்துவிட்டது. பேத்தி வளர்ந்து கேட்டால், தாத்தா கடிகாரம் கட்டிய தடம் என்று சொல்லிவிடு.

நீ வைத்த பெயருக்குப் பொருத்தமாக,
உன் ஊமைக்கோட்டான்