பார் என்று நீ சொன்னாய்

மாதா கோயிலில் புது வருசப் பூசை முடிந்து கடற்கரைப் பக்கமாக வந்தேன். காயப் போட்டிருந்த வலையெல்லாம் சாம்பல் நிறச் சகதி. துருவும் எண்ணெயும் கலந்த நாற்றம். சகதிக்குள் நகத்தளவு சிப்பி ஓடுகள், எல்லாம் செத்தவை. போன வருசத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று சாமியார் பிரசங்கம் வைத்திருந்தார். எனக்கு வாயில் நல்லாவே வந்தது. நீ இருந்திருந்தால் கோயில் வாசலிலேயே கேட்டிருப்பாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

அதற்கும் சில வருசம் முன்னால், துறைமுக வேலை மும்முரமாக நடந்த காலம். நான் துறைமுக அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். நீ சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தாய். ஒரு மத்தியானம், தலை ஈரம்கூடக் காயாமல் என் வீட்டுக்குள் ஓடி வந்தாய்.

"ஏலே, பாருல சிப்பிக் குஞ்சு அப்பிக் கெடக்கு! கால் வைக்க எடமில்ல. நாலு வருசம் சும்மா விட்டாப் போதும், முத்துக்குளி வந்துரும்."

கடலடியில் முத்துச் சிப்பி படியும் திட்டுக்குப் பார் என்று பேர். நம் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். உன் அப்பா முத்துக் குளித்த பார் அது. எத்தனையோ வருசமாக வெறுமையாகக் கிடந்ததில் உயிர் வந்திருந்தது. அன்று நீ சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மறு மாதமே ஒப்பந்தக்காரர் ஒருவரின் படகுகள், துறைமுகத்துக்காகத் தோண்டிய சகதியைக் கொண்டுபோய் அங்கே கொட்டின. இன்னொரு பக்கம் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு ஏற்றினார்கள்.

"பச்சப்புள்ள மூஞ்சியில மண்ணள்ளிப் போடுதானுவலே!" என்று கத்தினாய்.

உனக்கு எழுத வராது. நீ சொல்லச் சொல்ல நான் மனு எழுதினேன். கோயில் கோபுரத்தையும் உப்பளத்து ஒற்றைப் பனையையும் ஒரே நேராக வைத்துப் பாரின் இடத்தைச் சொன்னாய். குளிகாரர்கள் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கி வந்தாய். அதை இங்கிலீஷில் பெயர்க்கும் வேலையும் என் மேசைக்கே வந்தது.

வெறும் பாறை மேல் சகதி விழுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று பதில் வந்தது. பார், பாறை ஆகிவிட்டது. கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியாக நீ அங்கே குளித்து எழுந்தபோது கை நிறையச் சேறு. "முழங்கால் வரைக்கும் உள்ள போவுதுலே" என்றாய், அவ்வளவுதான். பிறகு உப்பளக் கூலிக்குப் போனாய். கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நீ நல்லாத்தாம்ல எழுதுன. அவனுவளுக்குத்தான் நம்ம பேச்சு வெளங்கல."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது கேள்.

மனு வந்த அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. மேலதிகாரி வெளியூர்க்காரர். நான் பெயர்த்து வைத்த தாளில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "பார்னா வெறும் பாறைதானேப்பா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.