வசந்தி என்ற பெயரில் நீ போட்ட கோல்கள்

அச்சு மை வாசம் இன்னும் போகாத ஐந்து பெட்டிகள் இன்று மத்தியானம் என் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தன. குவைத்தில் எங்கள் இலங்கைத் தமிழர் சங்கத்தின் ஆண்டு மலர். நாளை, வெள்ளிக்கிழமை விழாவில் கொடுக்க வேண்டும். கார் வைத்திருப்பவள் என்பதால் பெட்டிகள் எப்போதும் என் தலையில்தான். ஒன்றைப் பிரித்துப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் நீ இருந்தாய். வலது கை உயர்ந்திருக்கிறது, பந்து விரல்களை விட்டு அப்போதுதான் போயிருக்கிறது. நெற்றியில் ஒட்டிய முடிகூடத் தெளிவாகத் தெரிகிறது. கீழே அச்சடித்திருக்கிறார்கள்: "எமது வலைப்பந்து அணியின் கோல் ஷூட்டர் வசந்தி."

கடைசிப் பக்கத்து அஞ்சலியில் உனக்கும் இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். "எமது அணிக்குத் தண்ணீர் கொடுத்து உதவி, சென்ற வருடம் அட்டனில் காலமான மலையகச் சகோதரிக்கு." படம் இல்லை. பெயரும் இல்லை.

மலரை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சத்தம் போட்டுக் கோபிக்கத் தெரியாது. என்னுடைய அந்தச் சுபாவம் உனக்குத் தெரியும்.

இங்கே அப்பாசியாப் பகுதியில் பாடசாலை மைதானத்துக்கு நீ முதல்முறை வந்த வெள்ளி நினைவிருக்கிறது. கையில் ஒரு கடைப் பையோடு வேலியோரம் நின்றாய். உருண்டு வந்த பந்தை எடுத்து, கொஞ்சம் பிடித்து வைத்திருந்து, நின்ற இடத்திலிருந்தே வளையத்துக்குள் விட்டாய். "இவவின்ர உயரத்துக்கு வளையம் வீட்டு அலுமாரித் தட்டு மாதிரி" என்றாள் எங்கள் அணியில் இருந்த வசந்தி. நீ சிரித்தாய். பள்ளிக்கூடத்துக்கும் கல்வி வலயத்துக்கும் ஆடி, மத்திய மாகாண அணி வரைக்கும் போய், பிறகு கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்று, இப்போது குவைத்தில் ஒரு வீட்டில் நிற்பதாக, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய்.

பந்து கைக்கு வந்தால் மூன்று செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும் என்பது விதி. நாங்களெல்லாம் பயந்து முதல் செக்கனிலேயே எறிவோம். நீ மூன்றாவது முடியும்வரை வைத்திருப்பாய். கோல் வட்டத்துக்கு வெளியில் நின்று நாங்கள் பதறுவோம். "என்னாக்கா அவசரம், மூனு செக்கனும் நம்மளுதுதானே" என்பாய்.

உனக்கும் எனக்கும் நாலு மாத வித்தியாசம்தான். இருந்தும் நீ என்னை அக்கா என்றாய், நான் உன்னை நீ என்றேன். பல்கலைக்கழகம் போய் வந்த எனக்கு அது ஒருநாளும் உறுத்தவில்லை.

வேலை பார்த்த வீட்டு மேடத்திடம் வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தாய். சீமெந்துத் தரையில் விழுந்து முழங்கால் உரிந்து போன நாளில், வீட்டில் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "போன தடவையே கேட்டாங்க. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன்னு சொன்னேன். பாவம், அவங்களே மருந்து போட்டுவிட்டாங்க." அன்று வசந்தி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போட்டிகளுக்குப் பெயர் பதியும் நேரம் வந்தது. வீட்டுவேலை விசாவில் இருப்பவர்களைப் பதிவதில்லை என்று சங்கம் முடிவு செய்திருந்தது. விசா கொடுத்த முதலாளியான கஃபீல் முறைப்பாடு செய்தால் பிரச்சினை வருமாம். ஒரு கஃபீலும் அப்படிச் செய்து நான் கேள்விப்படவில்லை. கம்பெனி விசாக்காரருக்கும் அவர்களின் மனைவிமாருக்கும் பக்கத்தில் ஒரு வீட்டுவேலைக்காரியின் பெயர் வரக்கூடாது, விஷயம் அவ்வளவுதான். செயலாளராக இருந்த நான் அதை எதிர்த்துப் பேசவில்லை, கெட்டித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். வசந்தியின் பெயரைப் பதிந்தேன், உன்னை ஆடவிட்டேன். நீ நம்பிக் கொண்டுவந்து தந்த சிவில் ஐடி அடையாள அட்டைப் பிரதி என் ஃபைலிலேயே கிடந்தது.

மூன்று வருடம் சிறந்த கோல் ஷூட்டர் கோப்பை எங்களுக்குத்தான். ஒவ்வொரு முறையும் மேடையில் வசந்தியைக் கூப்பிட்டார்கள். அவள் போய் வாங்கி வரும்வரை அவளுடைய குழந்தையை நீ வைத்திருந்தாய். "எனக்கு வெக்கமாக் கிடக்கடி" என்று அவள் என் காதுக்குள் சொல்வாள். நான் கை தட்டிக்கொண்டிருப்பேன்.

பிறகுதான் துபாய்ப் போட்டிக்குக் குவைத்திலிருந்து ஒரு அணி தெரிவு செய்தார்கள். தெரிவாளர்கள் உன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் இருந்த பெயருக்குக் கடிதம் அனுப்பினார்கள். உன் பாஸ்போர்ட் மேடத்தின் கையில், அவர்கள் எங்கே தரப்போகிறார்கள் என்று நாங்களே பேசி முடித்துக்கொண்டோம். கெட்ட பெயரைக் கஃபீலின் தலையில் போடுவது எவ்வளவு சுலபம்.

அடுத்த வெள்ளி நீ ஓடி வந்தாய். "மேடம் பாஸ்போர்ட்ட மேசையில எடுத்து வச்சிட்டாங்கக்கா. லீவும் குடுத்துட்டாங்க. சர்ச்சுப் பொய்யைக்கூடச் சொல்லிட்டேன், சிரிச்சாங்க. இனி நீங்க என் பேரைச் சொன்னாப் போதும்."

"பார்ப்பம்" என்றேன்.

அலுவலகத்தில் முடியாது என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல் அது. உனக்கு அது விளங்கியது, முகத்திலேயே தெரிந்தது. உண்மையைத் தானே போய்ச் சொல்வதாக வசந்தி சொன்னாள். கோப்பைகளைப் பறிப்பார்கள், அணியைத் தடை செய்வார்கள் என்று அவளை மறித்தது நான். வசந்திக்கு முழங்காலில் காயம், பயணம் செய்ய முடியாது என்று என் நல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதியதும் நான்தான்.

அதற்குப் பிறகும் நீ ஆட வந்தாய். கோல் ஷூட்டருக்கான நெஞ்சுப் பட்டியை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே கேட்டாய்: "வசந்திக்கா, முழங்கால் இப்ப எப்பிடியிருக்கு?"

வசந்தி அழுதாள். நான் பந்துக்குக் காற்று அடிக்கக் குனிந்துகொண்டேன்.

இன்னும் இரண்டு குளிர்காலம் ஆடிவிட்டு ஊருக்குப் போனாய். வருத்தம் வந்து படுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டபோதும் நான் ஃபோன் எடுக்கவில்லை. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நீ போய்விட்டாய்.

இன்று பின்னேரம் தலைவருக்கு ஃபோன் செய்து, மலரில் இருப்பது பொய் என்றேன். திருத்தத் தாள் ஒன்றாவது வைக்க வேண்டும் என்றேன். "இப்ப ஏன் அதைக் கிண்டுறீர்? அவவே போயிட்டா. வசந்தியின்ர பிள்ளையள் நாளைக்கு வருவினம், தாயைப் பற்றி அதுகள் என்ன நினைக்கும்? உம்மட பெயரும்தான் நாறும், யோசியும்" என்றார். யோசிக்க அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

ஃபைலிலிருந்து உன் சிவில் ஐடி பிரதியை எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பெயர் மட்டும் வாசிக்கலாம். அந்த அணிக்காக எத்தனையோ படிவங்களில் எத்தனையோ பெயர்களை எழுதியிருக்கிறேன். உன் பெயரை ஒரு தடவைகூட எழுதியதில்லை. நடுப்பக்கத்தில் "வசந்தி" என்பதை வெட்டி, உன் முழுப்பெயரைத் தகப்பன் பெயரோடு எழுதினேன். அதன் கீழே ஒரு வரி: "பொய்ப் பெயரில் பதிந்தது நான்." அதற்குக் கீழே என் கையொப்பம். கடைசிப் பக்கத்தில் தண்ணீர் கொடுத்த வரியை அடித்துவிட்டேன்.

இப்போது இரண்டாவது பெட்டியில் இருக்கிறேன். விரல் நோகிறது. மேசையில் தலைவரின் அழைப்பு அதிர்ந்து அதிர்ந்து ஓய்கிறது. அவர் ஆளனுப்பிப் பெட்டிகளை எடுக்கப் பார்ப்பார்; கதவைத் திறக்க மாட்டேன்.

ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதுகிறேன். விழா நாளைக்கு நாலு மணிக்கு. அதுவரைக்கும் நேரம் நம்முடையதுதானே.